3,000 ரூபாய்க்குள் ஹெட்செட்: கேமுக்கும் பாட்டுக்கும் ஒன்றே போதுமா?

கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. லேப்டாப்பில் வேலரண்ட், போனில் பிஜிஎம்ஐ என்று துப்பாக்கிச் சண்டை கேம்கள் ஆடுவேன். மற்ற நேரத்தில் பாட்டு, ஆன்லைன் வகுப்பு. கண்ணாடி போடுகிறேன். 7.1 சரவுண்ட் உள்ளதை வாங்கவா, புளூடூத் வாங்கவா? எல்லாவற்றுக்கும் ஒன்றே போதுமா?"

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி, காரணங்களைப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். ஒன்றே போதும். வயர் உள்ளதாக வாங்குங்கள். ஏழு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும் சுற்றி இருப்பது போலக் காட்டும் 7.1-க்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால், காதுக்குள் செருகும் நல்ல இயர்போன் ஒன்றுக்கு 1,500 முதல் 2,000 ரூபாய் வரை போட்டுவிட்டு, மிச்சத்தை மைக்குக்கும், போனில் மாட்ட ஒரு சின்ன டைப் சி கன்வர்ட்டருக்கும் வைத்துக்கொள்வேன். தலையில் மாட்டுவதுதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, சொல்கிறேன்.

ஹெட்செட்டில் நமக்கு நேரடியாகப் பயன்படுவது மூன்றுதான்: சத்தம் எழுப்பும் டிரைவர், காதை மூடும் குஷன், பேசுவதற்கு மைக். லைட், 7.1 சிப், பேட்டரி, புளூடூத் சர்க்யூட் இதெல்லாம் அந்த 3,000-க்குள்ளிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 15,000 ரூபாய் ஹெட்செட்டில் எல்லாம் இருந்தும் டிரைவர் நன்றாக இருக்கலாம். 3,000-ல் ஒன்று வந்தால் இன்னொன்று போகும்.

என் முதல் கேமிங் ஹெட்செட்டில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு பக்கமும் லைட் எரியும், பெட்டியில் 7.1 என்று பெரிதாகப் போட்டிருக்கும். குண்டு வெடித்தால் மண்டையே அதிரும், ஆனால் படிக்கட்டில் ஆள் ஏறி வருவது கேட்காது. கச்சேரி போட்டால் மிருதங்கத்தில் தொப்பி என்ற கனத்த ஒலிப் பக்கம் மட்டும் கும்கும் என்று கேட்கும், வலந்தலை என்ற கூர்மையான ஒலிப் பக்கம் எங்கோ அமுங்கிப் போயிருக்கும். ஒரு வருடம் முடிவதற்குள் குஷனின் ரெக்சின் உரிந்து, கறுப்புத் தூளாகக் கன்னத்தில் ஒட்ட ஆரம்பித்துவிட்டது.

தொப்பி மட்டும் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மலிவான டிரைவரில் பேஸை, அதாவது கீழ் ஸ்தாயிச் சத்தத்தை, ஏற்றி வைப்பது சுலபம். அரை நிமிடம் கேட்டுப் பார்ப்பவருக்கு அது பெரிய பவர் போலத் தெரியும். ஆனால் வீங்கிய பேஸ் தனக்கு மேலே இருக்கும் மெல்லிய சத்தங்களை மூடிவிடும். துப்பாக்கியில் குண்டு மாற்றுவது, காலடி, பாட்டில் குரல், வயலின், வகுப்பில் ஆசிரியரின் பேச்சு எல்லாமே பெரும்பாலும் நடு ஸ்தாயியிலும் அதற்கு மேலும்தான் இருக்கின்றன. அவை தெளிவாகக் கேட்கும் ஹெட்போன் கேமுக்கும் நல்லது, பாட்டுக்கும் நல்லது. கேமுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக எதுவும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தத் தெளிவுக்கு நிறையப் பணம் வேண்டும் என்றும் இல்லை. 2017-ல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு வைத்துப் பார்த்தார். எந்த ஸ்தாயி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. குறைந்த பட்ஜெட்டோடு தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. விலை ஏறும்போது ஹெட்போனின் உறுதி, மாட்டும் சுகம், வசதிகள் கூடலாம். நல்ல ஒலிச் சமநிலை மட்டும் மலிவான ஒன்றிலும் கிடைக்கும். தேடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது 7.1. நமக்கு இருப்பது இரண்டு காதுகள். வலப்பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் அது வலது காதை முதலில் எட்டும். இடது காதை ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான தாமதத்தில், கொஞ்சம் மங்கலாக எட்டும். முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதைக் காது மடலின் வளைவுகள் அந்தச் சத்தத்தில் செய்யும் சிறு மாற்றங்களை வைத்து மூளை பிரித்துக்கொள்ளும். இந்த மாற்றங்களைக் கணக்காக எழுதி வைத்ததைத்தான் எச்ஆர்டிஎஃப் என்கிறார்கள். அந்தக் கணக்கைக் கேமே போட்டு இரண்டு சேனலில் அனுப்பிவிட முடியும். பெட்டியில் 7.1 என்று இருந்தாலும், இந்த விலையில் கிடைப்பவற்றில் பொதுவாக உள்ளே இருப்பது பக்கத்துக்கு ஒரே ஒரு டிரைவர்தான். மீதியெல்லாம் மென்பொருள் செய்யும் வேலை.

வேலரண்டின் ஆடியோ செட்டிங்கில் எச்ஆர்டிஎஃப் என்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். ஆன் செய்தபின் ஹெட்செட்டின் 7.1, விண்டோஸின் சரவுண்ட் வசதியான விண்டோஸ் சோனிக் எதுவும் கூடவே ஓடக் கூடாது. ஒரு தடவை திசை கணக்கிட்ட சத்தத்தின் மேல் இன்னொரு தடவை கணக்கிட்டால் எல்லாமே குகைக்குள் கேட்பது போலக் குழம்பிவிடும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடினாலும் இதே கதைதான். சினிமா பார்க்கும்போது சரவுண்ட் ஆசை வந்தால் விண்டோஸ் சோனிக் விண்டோஸுடனேயே இலவசமாக வருகிறது, எந்த ஹெட்போனிலும் வேலை செய்யும். இலவசமாக இருப்பதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

புளூடூத் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பணத்தைக் கொடுத்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். லேப்டாப்பில் புளூடூத் ஹெட்செட் மாட்டி நன்றாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பீர்கள். டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டை ஆப்பில் நண்பர்களோடு சேர்ந்த அடுத்த நொடி பாட்டு, கேம் எல்லாமே பழைய லேண்ட்லைன் போனில் கேட்பது போல ஆகிவிடும். ஹெட்செட் கெட்டுப்போகவில்லை. பாட்டுக்குப் புளூடூத் பயன்படுத்தும் வழி ஒருபக்கமாக மட்டும் ஸ்டீரியோ அனுப்பும், அதில் மைக்குக்கு இடம் இல்லை. மைக் தேவை என்றதும் கம்ப்யூட்டர் போன் பேசுவதற்காக உருவான இன்னொரு வழிக்கு மாறிக்கொள்ளும். அதில் சத்தம் மோனோ, அதாவது இரண்டு காதிலும் ஒன்றே. சத்தம் நொடிக்கு 8,000 அல்லது 16,000 தடவைதான் அளக்கப்படும், எண் குறையக் குறையத் தெளிவும் குறையும். சிடியில் அது 44,100. இடது வலது என்ற பேச்சே போய்விட்ட பிறகு எதிரி எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வந்திருக்கிறது, ஆனால் லேப்டாப்பும் ஹெட்செட்டும் இரண்டுமே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 3,000 ரூபாயில் அதை நம்பி இறங்காதீர்கள்.

அப்புறம் தாமதம். சாதாரண புளூடூத்தில் சத்தம் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை பிந்தி வருவது வழக்கம். வீடியோவில் இது தெரியாது, ஆப் படத்தையும் அதே அளவு பிந்தி ஓட்டிச் சரிசெய்துவிடும். கேமில் படத்தை நிறுத்தி வைக்க முடியாதே. கண்ணில் பட்டதும் விரல் அசைய நமக்கு ஆகும் நேரமே ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட். காலடிச் சத்தமும் அதே அளவு பிந்தினால் நீங்கள் திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். இயர்பட்ஸில் வரும் கேம் மோட் இதைக் குறைக்கும், அது உண்மை. நண்பர்களோடு பொழுதுபோக்காக பிஜிஎம்ஐ ஆட அது போதும். ரேங்க் ஏற வேண்டும் என்று ஆடுகிறவர் வயரில் ஆடட்டும். யுஎஸ்பியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வரும் வயர்லெஸ் ஹெட்செட்டில் தாமதம் மிகக் குறைவு, மைக் போட்டாலும் சத்தம் கெடாது. ஆனால் அதில் உருப்படியானவை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும்.

சரி, எதை வாங்குவது?

எனக்குப் பிடித்த வழி ஐஇஎம் என்ற பெயரில் விற்கும் வயர் இயர்போன். மேடையில் பாடகர்கள் காதில் செருகியிருப்பது இந்த வகைதான். 2022-ல் மூன்டிராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ என்ற இரண்டும் 20 டாலர் சுமார் விலையில் வந்தன. இவ்வளவு சமநிலையான ஒலி இந்த விலையில் கிடைக்கும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை. இன்று அந்த வரிசையில் நிறைய வந்துவிட்டன. இந்தியாவில் 1,500, 2,000 ரூபாய் சுற்றிக் கிடைக்கும், விலை வாரத்துக்கு வாரம் மாறும். "கேமுக்குப் போய் இயர்போனா?" என்று யோசிக்க வேண்டாம். பெரிய கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டிகளின் மேடையைப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் காதுக்குள் இயர்போன் செருகி, கூட்டத்தின் இரைச்சல் உள்ளே வராமல் இருக்க அதற்கு மேல் பெரிய ஹெட்செட்டையும் மாட்டியிருப்பார்கள். ஆட்டம் கேட்பது உள்ளே இருக்கும் இயர்போனில்.

உங்களுக்கு இது பொருந்த இன்னும் இரண்டு காரணங்கள். ஒன்று, கண்ணாடி. ஹெட்செட்டின் குஷன் கண்ணாடிக் காம்பைப் பொட்டில் அழுத்தும். ஒரு மணி நேரத்தில் வலி வரும். காம்பு இருக்கும் இடத்தில் இடைவெளி விழுந்து பேஸும் கசியும். இயர்போனில் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டாவது, வெயில். ஏசி இல்லாத ஹாஸ்டல் அறையில் ஏப்ரல், மே மாதத்தில் ரெக்சின் குஷனை இரண்டு மணி நேரம் மாட்டியிருந்தால் காதைச் சுற்றி வியர்வை ஊறும். குஷன் சீக்கிரம் உரிந்துபோவதற்கு அந்த வியர்வையும் ஒரு காரணம்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். வயர் கழற்றி மாட்டக்கூடியதா? இயர்போன் பெரும்பாலும் ஜாக்கில் செருகும் பின்னுக்கு அருகே வயர் அறுந்துதான் சாகிறது. கழற்ற முடிந்தால் சில நூறு ரூபாயில் வயரை மட்டும் மாற்றிவிடலாம். ஜீரோவில் கழற்றலாம், முதல் சூவில் முடியாது, அடுத்து வந்த சூ 2-ல் முடியும். இரண்டாவது, மைக் உண்டா? ஒரே மாடல் மைக்குடனும் மைக் இல்லாமலும் இரண்டு விதமாக விற்கும், பார்க்காமல் ஆர்டர் போட்டால் மைக் இல்லாதது வந்து சேரும். மூன்றாவது, கூட வரும் ரப்பர் டிப்புகளை எல்லா அளவிலும் மாட்டிப் பாருங்கள். "பேஸே இல்லை" என்று சொல்கிறவர்களில் பலருக்கும் டிப் காதில் சரியாக அடைக்காததுதான் பிரச்சினை. வாரம் ஒருமுறை டிப்பைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

காதுக்குள் எதையும் செருகினால் வலிக்கிறது, அரிக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 3.5 மி.மீ. பின் உள்ள சாதாரண ஹெட்செட்தான் என் சிபாரிசு. ஹைபர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர் வரிசை, லாஜிடெக் ஜி335, ரேசர் பிளாக்‌ஷார்க் வி2 எக்ஸ் இந்த மூன்றும் சலுகை நாட்களில் உங்கள் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வரலாம். பின்னால் சொன்ன இரண்டும் 240 கிராம்தான். எடையைக் கட்டாயம் பாருங்கள், 350 கிராம் ஹெட்செட் கழுத்தில் தெரியும். முடிந்தால் யாரிடமாவது வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், தலைக்குத் தலை பொருத்தம் மாறும்.

ஹைபர்எக்ஸ் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கேமிங் ஹெட்செட் என்றாலே பலர் நினைவில் வரும் ஹைபர்எக்ஸ் கிளவுட் 2014-ல் வந்தது. அது அடியோடு புதிதாகச் செய்தது அல்ல. சீனாவின் டாக்ஸ்டார் நிறுவனத்தின் ப்ரோ 80 என்ற ஸ்டுடியோ ஹெட்போனைத்தான் அடிப்படையாகக் கொண்டது. பாட்டுப் பதிவுக்காகச் செய்த ஹெட்போனில் மைக் சேர்த்ததும் அது உலகம் முழுக்கப் பேர் வாங்கிய கேமிங் ஹெட்செட் ஆகிவிட்டது. அதனால் பெட்டியில் "கேமிங்" என்ற சொல் இல்லையே என்று எதையும் ஒதுக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் பணம் சேர்க்க முடிந்தால் ஆடியோ டெக்னிகா ஏடிஎச் எம்20எக்ஸ் மாதிரி, ஸ்டுடியோவில் பயன்படும் ஒரு மானிட்டர் ஹெட்போன் வாங்கி, மைக்கைத் தனியாக வைத்துக்கொள்வதும் நல்ல வழிதான். வெளிப்புறம் மூடாமல் திறந்திருக்கும் ஓபன்பேக் வகையும் காற்றோட்டமாக, விசாலமாகக் கேட்கும். ஆனால் உங்கள் சத்தம் அறை முழுக்கக் கேட்கும், அறையின் சத்தம் உங்களுக்கும் கேட்கும். ஹாஸ்டலுக்கு அது ஆகாது.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். டிரைவர் 50 மி.மீ. என்பதால் 40 மி.மீ.-ஐ விட நல்லது என்று இல்லை. "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்பதை நூறு ரூபாய் இயர்போனிலும் அச்சடிக்கிறார்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடை. 16 முதல் 32 வரை இருந்தால் போனிலும் லேப்டாப்பிலும் தாராளமாகச் சத்தம் வரும். 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன் யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள், போன் அதை இழுக்காது.

மைக்குக்கு வருவோம். நம் ஊரில் மைக்குக்கு முதல் எதிரி சீலிங் ஃபேன். அதை நிறுத்தவும் முடியாது. மைக் வாய்க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவுக்கு உங்கள் குரல் மேலேயும் ஃபேன் கீழேயும் போகும். ஹெட்செட்டின் நீட்டு மைக் இந்த வகையில் நல்லது. வாயின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேர் எதிரே வைத்தால் மூச்சு அடிக்கும். இயர்போன் வயரில் வரும் மைக் சட்டையில் உரசும், காலருக்கு மேலே ஒரு கிளிப் போட்டுவிட்டால் போதும். லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தவிருங்கள், கீபோர்டு தட்டுவது முழுக்க அதில் கேட்கும். டிஸ்கார்டில் கிரிஸ்ப் என்ற இரைச்சல் நீக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதை ஆன் செய்தால் ஃபேன் சத்தம் ஏறக்குறைய மறைந்துவிடும். நண்பர்களோடு பேச இது போதும். இதற்காகத் தனி மைக்கில் ஆயிரக்கணக்கில் போடத் தேவையில்லை.

இணைப்பில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மைக் உள்ள இயர்போனின் பின்னில் மூன்று கறுப்புக் கோடுகள் இருக்கும். இன்றைய லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஜாக்தான், அப்படியே செருகலாம். டெஸ்க்டாப்பில் ஸ்பீக்கருக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டு ஜாக் இருந்தால் ஒரு ஸ்ப்ளிட்டர் வேண்டும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். உங்கள் போனில் 3.5 மி.மீ. ஜாக் இல்லை என்றால் டைப் சி கன்வர்ட்டர் வாங்கும்போது, உள்ளே டாக் சிப் (போனின் டிஜிட்டல் சிக்னலை இயர்போனுக்கு ஏற்றதாக மாற்றுவது) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத மலிவான கன்வர்ட்டர் சில போன்களில் வேலை செய்யும், பலவற்றில் சத்தமே வராது. சார்ஜர் மாட்டியதும் லேப்டாப்பில் உர்ர் என்று ஓர் இரைச்சல் வந்தால் ஹெட்செட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். அதே கன்வர்ட்டரை லேப்டாப்பின் டைப் சி போர்ட்டில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாங்கிய பிறகும் ஒலியைத் திருத்தலாம். ஒவ்வொரு ஸ்தாயியையும் ஏற்றி இறக்க உதவும் ஈக்வலைசர் மென்பொருள்களில் லேப்டாப்புக்கு ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டுக்கு வேவ்லெட் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆட்டோஇக்யூ என்ற திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கு அளந்து போட்ட திருத்த அளவுகள் இருக்கின்றன. உங்கள் மாடலைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என் பழைய ஹெட்செட்டில் பேஸைக் கொஞ்சம் இறக்கியதும் வலந்தலை திரும்பி வந்தது.

வால்யூம் விஷயத்தில் மட்டும் அண்ணனாகக் கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபெல்லில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கணக்கு. காலடி கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றுவோம், அடுத்த நொடி பக்கத்திலேயே குண்டு வெடிக்கும். அதனால் துப்பாக்கிச் சத்தம் உறுத்தாத அளவுக்கு வால்யூமை வைத்துவிட்டு, காலடி போதவில்லை என்றால் ஈக்வலைசரில் நடு ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்குங்கள். இயர்போன் காதை அடைத்துக்கொண்டால் ஃபேன் சத்தம் குறையும், வால்யூமும் தானாகவே குறையும். விளையாட்டு முடிந்தபின் காதில் கொய்ங் என்று ஒலித்துக்கொண்டே இருந்தால் அன்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

பார்சல் வந்ததும் திருப்பி அனுப்பும் நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். முதல் நாளே இடது வலது சரியா என்று பாருங்கள். ஒருவர் மட்டும் பேசும் ஒலிப்பதிவைப் போடுங்கள், குரல் நட்டநடுவில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் மாற்றிக் கேளுங்கள். பாட்டு ஓடும்போதே பின்னுக்கு அருகே வயரை மெல்ல அசையுங்கள், கரகரப்பு வரக் கூடாது. ஃபேன் ஓடும்போது உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். ஹெட்செட் என்றால் கண்ணாடியோடு ஒரு மணி நேரம் கழற்றாமல் மாட்டியிருங்கள். ரொம்ப இறுக்கமாக இருந்தால் தலை அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, ராத்திரி முழுக்க அதன்மேல் மாட்டி வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று ராத்திரிக்குப் பிறகும் பொட்டு வலித்தால், நாள் முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிட்டு இயர்போன் பக்கம் வந்துவிடுங்கள்.